கார் வாங்கக் கடனா, கைக்காசா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து நான் பூசை உடுப்புகளைக் களைந்துகொண்டிருக்கையில், ஒரு கணவனும் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். இருவர் முகமும் சரியில்லை. "சாமி, நீங்கள்தான் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்" என்றார் கணவர். குடும்பத்தில் ஏதோ பெரிய விரிசல் என்று எனக்குள் திடுக்கிட்டது. உட்காரவைத்து விசாரித்தால், விஷயம் ஒரு கார்.

அவர்களுடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். ஆகையால், இவர்கள் யாராயிருக்கும் என்று தேடி அடுத்த பூசையில் பராக்குப் பார்க்காதிருப்பீர்களாக.

கணவர் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர். மனைவி ஆசிரியை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணவருடைய தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு; வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை ஆட்டோவில் ஏறி இறங்கி, மேம்பாலத்தடியில் நெரிசலில் காத்துக் கிடந்து, வீடு திரும்புவதற்குள் அந்த அம்மாள் துவண்டுபோகிறார். ஆகவே கார் தேவைதானா என்ற கேள்வி அந்த வீட்டில் எழவில்லை. (பல வீடுகளில் எழ வேண்டும். அதைப் பற்றி வேறொரு வாரம் எழுதுகிறேன்.) வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 9 லட்சம் ரூபாய் விலை. பதினொரு வருஷமாகச் சேர்த்து வங்கியில் 8 லட்சம் இருக்கிறது. முழுவதையும் கொடுத்துவிடலாம், குறைகிற 1 லட்சத்தை எப்படியாவது புரட்டிக்கொள்ளலாம், கடன் என்ற பேச்சே வேண்டாம் என்பது கணவர் கட்சி. மகள் அடுத்த ஜூனில் கல்லூரி சேர வேண்டும், வீட்டில் நோயாளி இருக்கிறார், பெட்டியைக் காலி செய்யக் கூடாது, கடனிலேயே வாங்குவோம் என்பது மனைவி கட்சி. ஷோரூம் பையன் 2 லட்சம் முன்பணம், 7 லட்சம் கடன், ஐந்து வருஷத் தவணை என்று எழுதியே கொடுத்துவிட்டான்.

"கடன் வாங்குவது பாவமா, சாமி?" என்று கேட்டார் கணவர். ஆம் என்று நான் சொன்னால் வழக்கு தமக்குச் சாதகமாக முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்போலும்.

பாவமன்று. குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த பாடத்தில் கடன் வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவனே அதிகமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றான். பணம் செலவழிவதனாலேயே பயன்படும் பொருள். ஆகவே பணத்துக்கு ஒரு விலையும் அதன் உபயோகத்துக்கு வேறொரு விலையுமாகக் கேட்பது, இல்லாத ஒன்றை விற்பதாகும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் வாதித்தார். 1745-ல் 14-ம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பானவர் இத்தாலிய மேற்றிராணிமாருக்கு எழுதிய நிருபத்தில், கடன் கொடுத்த ஒரே காரணத்துக்காக வட்டி கேட்பது தகாது என்றார். ஆனால் கடனுக்குப் புறம்பான வேறு நியாயங்கள் இருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த நியாயங்களுள் ஒன்றை வேதசாஸ்திரிகள் லத்தீனில் 'லூக்ரும் செஸ்ஸான்ஸ்' என்பார்கள். நின்றுபோன இலாபம் என்று பொருள். இந்தப் பணத்தை உனக்குக் கொடாதிருந்தால் இதைக் கொண்டு நான் நியாயமாக ஏதாவது சம்பாதித்திருப்பேன், அந்த நஷ்டத்துக்கு ஈடு கொடு என்று கடன் கொடுத்தவன் கேட்கலாம்.

பரீட்சைக்காகப் படித்த இந்த லத்தீன் சொல், கைக்காசு கொடுத்துக் கார் வாங்குகிறவருக்கும் பொருந்தும் என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை. கைக்காசு கொடுப்பவர் தமக்கு வட்டியே இல்லை என்று நினைக்கிறார். அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் வந்திருக்கும் வட்டி அன்றோடு நின்றுபோகிறதே? ரசீது இல்லாதபடியால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். (கைக்காசு என்றால் நோட்டுக்கட்டு என்று எண்ணிவிடாதீர்கள். 2017 முதல் ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. செக்காகவோ வங்கி மூலமாகவோதான் கொடுக்க வேண்டும்.)

ஆகவே கணக்கைப் பார்ப்போம். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 60 மாதம் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 14,530 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,72,000. அதே கடனை மூன்று வருஷத்தில் அடைத்தால் தவணை 22,260, வட்டி 1,01,000. ஏழு வருஷம் இழுத்தால் தவணை 11,260 ஆகக் குறைந்து மனசுக்கு இதமாயிருக்கும். வட்டியோ 2,46,000 ஆகிவிடும். ஷோரூமில் பெரும்பாலும் தவணைத் தொகையைத்தான் சொல்வார்கள். எத்தனை மாதம் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

'பிளாட்' வட்டி என்றொரு சொல்லும் காதில் விழும். பழைய கார் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். 7 சதவீதம் பிளாட் என்றால், அடைக்க அடைக்க அசல் குறைந்தாலும் முதல் நாள் அசலுக்கே கடைசி மாதம் வரை வட்டி போடுவது. ஐந்து வருஷக் கடனில் அந்த 7 என்பது, குறையும் அசலுக்குக் கணக்கிடும் வட்டியாகப் பார்த்தால் சுமார் 12½ சதவீதம். 7-ம் 9-ம் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் எதைத் தேர்ந்துகொள்வீர்கள் என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இனி, விற்பனைக்காரர் சாமர்த்தியமாகச் சொல்லும் ஒரு வாதம். "உங்கள் 7 லட்சத்தை 6½ சதவீத டெபாசிட்டில் போட்டுவிட்டுக் கடனில் கார் எடுங்கள். ஐந்து வருஷத்தில் டெபாசிட் 2,66,000 வட்டி தரும். கடனுக்கு வட்டி 1,72,000 தானே? கார் வாங்கி இலாபம்!" படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். மாதம் 14,530 எங்கிருந்து வருகிறது என்பதை அந்த வாதம் மறைத்துவிடுகிறது. சம்பளத்திலிருந்து வருகிறது. கைக்காசு கொடுத்து வாங்கியவர் அந்த 14,530-ஐ மாதந்தோறும் அதே 6½ சதவீதத்தில் போட்டுவந்தால், 60-வது மாதம் அவர் கையில் சுமார் 10,26,000 இருக்கும். கடன் வாங்கியவரின் டெபாசிட்டோ 9,66,000 ஆகியிருக்கும். ஆகக் கைக்காசுக்காரருக்கே 60,000 அதிகம். வருமான வரி இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மாற்றும், அதை விட்டுவிடுவோம்.

இந்த இடத்தில் கணவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஜெயித்துவிட்டாராம்.

ஆனால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. மாதந்தோறும் தவறாமல் 14,530-ஐ எடுத்துவைப்பாரா? தவணை என்றால் வங்கியே எடுத்துக்கொள்ளும். தாமாக எடுத்துவைப்பதாயின் தீபாவளி வரும், கல்யாணம் வரும், போன் பழுதாகும். தம்மைத் தாம் அறிந்திருப்பது விவேகம் என்னும் புண்ணியத்தின் பாதி. இரண்டாவது, ஐந்து வருஷத்துக்கு 60,000 என்றால் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்துக்கு என்ன கிடைக்கிறது? 7 லட்சம் எந்த நேரமும் எடுக்கத்தக்கதாய்ப் பெட்டியில் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளி உள்ள வீட்டில் அதற்கு மாதம் ஆயிரம் கொடுப்பது ஊதாரித்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் சென்னை நகரத்துக்கு வண்டிக் கடன் புதிதன்று. 1954-ல் டி. எஸ். சந்தானம் அவர்கள் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, லாரியும் பஸ்ஸும் வாங்குவோருக்கே முக்கியமாகத் தவணைக் கடன் கொடுக்கப்பட்டது. லாரி ஓடிச் சம்பாதித்துத் தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ளும். நம் பங்கில் கால்டாக்சி ஓட்டும் தம்பிமாரின் கடனும் அவ்வகையே. குடும்பக் காரோ ஒரு காசும் சம்பாதிப்பதில்லை. அதன் தவணையை யாரோ ஒருவரது சம்பளம் தாங்க வேண்டும், அந்தச் சம்பளம் இன்னும் வராத மாதங்களின் சம்பளம்.

வராத மாதத்தைப் பற்றி இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார்த் தொழிற்சாலை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1961 முதல் ஹெரால்டு கார் அங்கிருந்துதான் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கியது. 1980-களின் இறுதியில் அங்கே கார் உற்பத்தி நின்றுபோயிற்று. மறைமலைநகரில் போர்டு கார்த் தொழிற்சாலை, 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்து, 2022-ல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. கார் செய்த கைகளுக்கே அடுத்த வருஷச் சம்பளம் நிச்சயமில்லாமற் போயிற்று. காரும் நிச்சயமன்று. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டின் கீழ்த்தளமே முழுகியபோது கார்கள் என்ன ஆயின என்று கண்டோம். 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்தன. மறு வருஷம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே! முழுகிய வண்டிக்கும் தவணை வரும். இன்ஷூரன்ஸ் இருந்தாலும், தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே கெட்ட நாள் வரும்போது யார் தோளில் விழும் என்று கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. கடனில் விழுந்தாலும் யாரோ ஒருவர் தோள்தான். கைக்காசில் பெட்டி காலியானாலும் யாரோ ஒருவர் தோள்தான். அது பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவருடைய தோளாய் இருப்பதில்லை.

லால் பகதூர் சாஸ்திரியின் காரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் நாட்டின் பிரதமர். பிள்ளைகள் குதிரை வண்டியில் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். சர்க்கார் காரைச் சொந்தக் காரியத்துக்கு வழக்கமாக எடுக்க அவர் விடுவதில்லை. சொந்தமாய் ஒரு கார் வேண்டுமென்று வீட்டார் கேட்டார்கள். பியட் கார் விலை 12,000 ரூபாய். கைவசம் 7,000 இருந்தது. மீதி 5,000-த்தைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கினார். 1966 ஜனவரி 11-ந் தேதி தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் அடைபடவில்லை. அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி தமக்கு வந்த பென்ஷனிலிருந்து அதை அடைத்தார். அந்தக் கார் இப்போது டெல்லியில் அவருடைய நினைவில்லத்தில் நிற்கிறது.

இந்தக் கதையைப் பிரதமரின் எளிமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கோ அந்த அம்மாளின் நினைவே வருகிறது. பாதிக்கு மேல் கைக்காசு கொடுத்து, நேர்மையாக வாங்கிய அளவான கடன். அதில் குற்றம் காண முடியாது. ஆனாலும் கடைசித் தவணை விதவையின் பென்ஷனில் இருந்து போயிற்று. கார் வீட்டார் எல்லாரும் விரும்பிக் கேட்டது. கடன் இருப்பதும் வீட்டில் தெரிந்தது. தெரிந்து ஏற்ற பாரத்தை அவர் தலைநிமிர்ந்து சுமந்தார். தெரியாமல் தலையில் விழுகிற பாரம் அப்படியன்று. ஒருவர் இறந்து, மூன்றாம் நாள் வங்கியிலிருந்து போன் வரும்போதுதான் மனைவிக்குக் கடன் தெரியவருகிறது என்னும் வீடுகளை அடக்கப் பூசைகளுக்குப் போகிற நான் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன்காரர் தோளும் உண்டு. இதை என் சொந்த அவமானத்திலிருந்து சொல்கிறேன். உதவிக் குருவாய் இருந்த காலத்தில், உபதேசியார் ஒருவர் ஸ்கூட்டர் வாங்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு உடம்பு சரியில்லாமற் போய், ஏழு தவணை நான் கட்டினேன். குருக்கள் தம் மேற்றிராணியாரைக் கலந்துகொள்ளாமல், தம் சொந்தப் பொருளைக் கொண்டும் ஜாமீன் நிற்கக் கூடாது என்று 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 285-ம் பிரிவு சொல்கிறது. பரீட்சையில் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். கையெழுத்துப் போடுகையில் ஞாபகம் வரவில்லை.

நிற்க. அந்தத் தம்பதிகளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கணவரையே எழுதச் சொன்னேன்: வங்கியில் 8 லட்சம். குறைவது 1 லட்சம். "இந்த ஒரு லட்சம் எங்கிருந்து வருகிறது?" என்றேன். அவர் சற்றுத் தயங்கி, "நகை இருக்கிறதே, சாமி" என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார். அவருடைய நகை அது; தாய்வீட்டில் போட்டது. அதை அடகு வைக்கப்போவது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

கடனே வாங்கமாட்டேன் என்றவருடைய கணக்கில் ஒரு கடன் இருந்தது. அதற்கு ஈடு மனைவியின் கழுத்து. நகைக்கடனும் வட்டிக் கடன்தான் என்று சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவர் தகப்பனார் ஒரு காலத்தில் தண்டல்காரருக்குப் பயந்து வீட்டில் ஒளிந்திருந்ததைப் பிறகு சொன்னார். (மீட்டர் வட்டி, கந்துவட்டிக் கொடுமைக்காகவே தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டம் வந்தது.) கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நடுக்கம். அந்த நடுக்கத்தில், சொல்லை விலக்கிவிட்டுப் பொருளை மனைவி தலையில் வைத்துவிட்டார். அவர் மனைவியிடமும் ஒன்று கேட்டேன். "தவணை கட்டப்போவது யார் சம்பளத்தில்?" "அவருடையதில்தான்" என்றார். "அவருக்கு வேலை இல்லாமற் போனால்?" அதை அந்த அம்மாள் யோசித்திருக்கவில்லை. இருவரும் தத்தம் வாதத்தின் பாரத்தை மற்றவருடைய தோளில் வைத்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். 4 லட்சம் கைக்காசு, 5 லட்சம் கடன், மூன்று வருஷம், தவணை 15,900, இரண்டு சம்பளத்திலும் பாதிப் பாதி. வட்டி மொத்தம் 72,000-க்குச் சற்று மேல். 4 லட்சம் பெட்டியிலேயே இருக்கிறது, அதைத் தொடுவதானால் இருவரும் கேட்டே தொட வேண்டும் என்று பேச்சு. மகளும் கூட உட்கார்ந்திருக்கிறாள். காகிதத்தில் கல்லூரிச் செலவை எழுதியது அவள் கையெழுத்து. இது ஒன்றே சரியான வழி என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியில் வேறு பணமுள்ள வீடு முழுவதையும் கைக்காசாய்க் கொடுப்பதே மேல். நிலையான வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னேன். மாறும் வட்டியில் வாங்கும் தனிநபர் கடனுக்கு அந்த அபராதத்தை ரிசர்வ் வங்கி 2014-ல் விலக்கிவிட்டது. கடன் தீர்ந்ததும் வங்கியிடம் சான்று வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பைத் தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் நீக்கிக்கொள்ளவும் மறக்கக் கூடாது. அநேகர் மறந்துவிட்டு, வண்டியை விற்கும் நாளில் அலைகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் காரை மந்திரிக்கக் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தீர்த்தம் தெளித்து முடிந்ததும் அந்தப் பெரிய அம்மாள் என்னை அருகில் அழைத்தார்.

"எத்தனை மாசம் கட்டணுமாம், சாமி?"

"முப்பத்தாறு மாசம், அம்மா."

அவர் விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் எண்ணினார். "அதுவரைக்கும் நான் இருக்கணுமே" என்று சிரித்தார்.

மருமகள் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க அத்தை, எட்டரைக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்றார்.